இரும்புப் பட்டறைக்குப் போகும் மகள்: பாடாங் செராய் தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி: நாங்கள் கெடா, பாடாங் செராயில் வசிக்கிறோம். இளம் வயதில் நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினேன். என் கணவர் செம்பனை எண்ணெய் ஆலையில் நெடுங்காலமாக இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருக்கிறார். எஸ்.பி.எம். தேர்வு முடித்த எங்கள் மகள், ஆறாம் படிவத்துக்கு இடம் கிடைத்தும் போகாமல், கூலிம் நகரில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள். வாரத்தில் நான்கு நாள் தொழிற்சாலை, ஒரு நாள் பயிற்சி நிலையம். மூன்று மாதமாகக் கை கறுத்து, தோள் வலியோடு வீடு திரும்புகிறாள். இரண்டு வாரம் ஒரே இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்தாளாம். பயிற்றுநர் அதை அளந்து பார்த்து, தேறாது என்று ஒதுக்கிவிட்டாராம். அன்றிரவு அழுதாள், மறுநாள் எனக்கு முன்பே எழுந்து கிளம்பிவிட்டாள். மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக இருக்கும் என் அண்ணன் மகள் ஓவர்டைமோடு இவளைவிட எவ்வளவோ அதிகம் சம்பாதிக்கிறாள். இது படிப்பா, கூலி வேலையா? முடித்தால் இன்ஜினியர் ஆவாளா? பெண் பிள்ளைக்கு இது ஏற்றதா? நிறுத்திவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

இப்போதைக்கு நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. பயிற்றுநர் அந்தத் துண்டை அளந்து பார்த்து, தேறாது என்று ஒதுக்கினார் என எழுதியிருக்கிறீர்கள். உங்களை வருத்திய அந்தச் செய்திதான் எனக்கு நம்பிக்கை தந்தது. ஒரு தொழிற்சாலை பயிலுநரை வெறும் கையாளாக வைத்திருந்தால், அவர் தேய்த்த துண்டை யாரும் அளக்க மாட்டார்கள். அளப்பதற்கு நேரமாகும், நேரம் பணம். ஒருவர் நின்று அளந்து, எங்கே பிழை என்று காட்டி, மறுபடியும் செய் என்கிறார் என்றால், அங்கே கற்பித்தல் நடக்கிறது. நான் பட்டறைகளிலும் ஆலைகளிலும் பயிலுநர்களோடு பணியாற்றி வருபவன். ஒருவர் பயிற்சி பெறுகிறாரா, மலிவான உழைப்பாகப் பயன்படுகிறாரா என்பதை நான் எப்போதும் இந்த ஒரு கேள்வியால்தான் பிரித்தறிகிறேன்: அவர் செய்ததை யாராவது பார்க்கிறார்களா?

இனி அந்த இரும்புத் துண்டைப் பற்றிச் சொல்கிறேன். கணினியால் இயங்கும் இயந்திரங்கள் வந்துவிட்ட காலத்தில் அரத்தைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்வது வீண் வேலையாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தப் பயிற்சியின் நோக்கம் துண்டைச் செய்து முடிப்பது மட்டுமன்று. வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் இறுக்கிய இரும்பின் மேல் அரத்தை முன்னோக்கித் தள்ளும்போதுதான் அது வெட்டும். பின்னோக்கி இழுக்கும்போது அழுத்தினால் அரத்தின் பல் மழுங்குமே தவிர இரும்பு குறையாது. புதிதாகத் தொடங்குபவரின் கை, தள்ளத் தொடங்கும்போது ஒரு பக்கமும் முடிக்கும்போது மறுபக்கமும் தாழ்ந்துவிடும். அதனால் துண்டின் முகம், அதாவது மேற்பரப்பு, தட்டையாக வராமல், நடுவில் மேடும் இரு ஓரங்களில் சரிவுமாக வரும். கண்ணுக்குப் பளபளவென்று அழகாகத்தான் இருக்கும். பயிற்றுநர் அதன்மேல் மூலைமட்டம் என்ற நேர்விளிம்புள்ள கருவியை வைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். இரும்புக்கும் மூலைமட்டத்துக்கும் நடுவில் கோடு போல வெளிச்சம் கசிந்தால் அந்த முகம் தேறவில்லை. தலைமுடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைவிடப் பல மடங்கு சிறிய இடைவெளியையும் அந்த வெளிச்சக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் மகள் அழுதது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். மறுநாள் உங்களுக்கு முன்பே எழுந்து போனது, அந்தக் கோட்டை இல்லாமல் ஆக்கிவிட முடியும் என்று அவருக்குத் தோன்றியதால்தான்.

நீங்கள் மரம் சீவியவர். பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும், மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். நடுவே இருக்கும் அந்தச் சிறு அளவை உளி பிடித்த கை தானாகவே அறிந்துகொள்ளும்வரை, கங்காணியோ மூத்தவரோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பார்கள். உங்கள் மகளின் கைக்கு இப்போது அந்தப் பாடம்தான் நடக்கிறது. இந்தக் கையுணர்வு வந்த பிறகு கணினி இயந்திரத்தில் உட்காருபவர், திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பிவிட மாட்டார். வெட்டும் சத்தம் மாறினாலும், துண்டில் கீறல் விழுந்தாலும் ஏதோ சரியில்லை என்று இயந்திரத்தை நிறுத்துவார். இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்து வந்தவர்களிடம் நான் அதைக் காண்பது அரிது.

தோள் வலிக்கு ஒரு சிறிய காரணம் இருக்கக்கூடும். வைஸின் மேல்பகுதி, நின்றிருப்பவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான பட்டறை மேசைகள் உயரமான ஆண்களைக் கருதி அமைக்கப்பட்டவை. உங்கள் மகள் குள்ளமானவர் என்றால், கையைத் தூக்கியபடியே நாள் முழுவதும் தேய்த்திருப்பார். காலுக்குக் கீழே போட்டுக்கொள்ள ஒரு மரப் பலகை கேட்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பலகை போட்டு நின்றால் தோள் வலி மட்டுமன்று, துண்டின் நடுவில் வரும் அந்த மேடும்கூடக் குறையலாம்.

அரத்துக்கு அடுத்து அளவெடுத்தல் வரும். வெர்னியர், மைக்ரோமீட்டர் ஆகியவற்றைப் படிக்க ஒரு நாளில் கற்றுவிடலாம். எப்போது அளக்கக் கூடாது என்பதைக் கற்க மாதங்கள் ஆகும். உங்கள் கணவருக்கு எளிதில் விளங்கும் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்டில், அதாவது சுழலும் தண்டில், அதைத் தாங்கும் பேரிங் இறுக்கமாக அமர வேண்டிய இடத்தை லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் கடைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய இடத்துக்குப் பரவலாகப் பயன்படும் ஒரு பொருத்த அளவின்படி, அது 50.002 முதல் 50.018 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கடைந்த சூட்டோடு அளந்த பயிலுநருக்கு 50.010 என்று வருகிறது. மிகச் சரி என்று மகிழ்ந்து அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். இரும்பு சூட்டில் விரியும். அறை வெப்பத்தைவிட 30 பாகை அதிகச் சூட்டில் இருந்த ஷாஃப்ட் ஆறியதும் ஏறக்குறைய 0.017 மில்லிமீட்டர் சுருங்கி 49.993 ஆகிவிடும். இப்போது பேரிங் தளர்வாக அமரும். ஓடும்போது ஷாஃப்டின் மேலேயே வழுக்கிச் சுற்றி அந்த இடத்தைத் தேய்த்துவிடும்.

அந்த ஷாஃப்ட் உங்கள் கணவரின் ஆலையில் பழத்தைப் பிழியும் பிரஸ் ஒன்றுக்குப் போயிருந்தால் என்ன நடக்கும் என்று அவரைக் கேளுங்கள். பிரஸ் நிற்கும், வெட்டிக் கொண்டுவந்த குலைகள் குவியும், காத்திருக்கும் பழத்தில் எண்ணெயின் தரத்தைக் குறைக்கும் தனிக் கொழுப்பமிலம் ஏறும். கச்சாச் செம்பனை எண்ணெய் வணிகத்தில் அந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான ஒப்பந்த வரம்பு. கூலிமில் ஒரு பயிலுநர் ஆறுவதற்குப் பொறுக்காமல் அளந்ததன் விளைவு, தோட்டத்து லாரிகள் ஆலை வாசலில் வரிசையில் நிற்பதில் வந்து முடியலாம். அதனால்தான் நல்ல பயிற்றுநர்கள் பொறுமையைப் பற்றிக் கடுமையாக இருக்கிறார்கள். அவர்களுடைய கடுமையை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். கெட்ட வார்த்தையால் திட்டுவதும் கை ஓங்குவதும் வேறு. அவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

எனினும், பொறுமை என்ற பெயரில் ஏமாற்றும் இடங்களும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். முதல் சில மாதங்களில் தரையைக் கூட்டுவதும், இரும்புச் சீவல்களை அள்ளுவதும், இயந்திரத்துக்கு எண்ணெய் இடுவதும் பயிற்சியின் பகுதிகள்தாம். இயந்திரத்தைத் துடைப்பவருக்குத்தான் எந்த இடத்தில் எண்ணெய் கசிகிறது, எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று தெரியும். ஆனால் ஆறு மாதம் கழிந்தும் கூட்டுவதும் பெட்டி தூக்குவதும் மட்டுமே நடந்தால், அல்லது ஆள் பற்றாக்குறை என்று ஒரே இயந்திரத்தில் பொத்தான் அமுக்கும் வேலையில் நிறுத்திவிட்டு மறந்துவிட்டால், அது பயிற்சியன்று. அப்போது உங்கள் மகள் அந்த அண்ணன் மகளைப் போல ஆப்பரேட்டர் வேலையைத்தான் செய்கிறார், அதைவிடக் குறைந்த பணத்துக்கு.

இதை நீங்கள் வீட்டிலிருந்தே கவனிக்க முடியும். வாரத்தில் நான்கு நாள் தொழிற்சாலை, ஒரு நாள் வகுப்பு என்ற அமைப்பைப் பார்த்தால், அவர் சேர்ந்திருப்பது 2005 முதல் நடந்துவரும் எஸ்.எல்.டி.என். என்ற தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டமாகவே இருக்க வேண்டும். இதில் 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி வேலையிடத்திலும் மீதி பயிற்சி நிலையத்திலும் நடக்க வேண்டும். மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தர ஆவணம் வைத்திருக்கிறது. பயிலுநர் எந்தெந்தத் திறன்களைக் கற்றுத் தேற வேண்டும் என்று அதில் பிரித்து எழுதப்பட்டிருக்கும். மகளின் பயிற்சிப் பதிவேட்டை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மலாயும் ஆங்கிலமும் கலந்து எழுதியிருப்பதால் உங்களுக்கு முழுதும் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. போன மாதம் இல்லாத ஒரு புதிய வேலை இந்த மாதம் அதில் ஏறியிருக்கிறதா, அதற்கு நேராக வேறொருவரின் கையெழுத்து இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். பக்கங்கள் வெறுமையாக இருந்தாலோ, எல்லாக் கையெழுத்தும் ஒரே நாளில் போட்டவை போலத் தெரிந்தாலோ, பயிற்சி நிலையத்து ஆசிரியரை நேரில் போய்ப் பாருங்கள். பெற்றோர் ஒருமுறை வந்து கேட்டுவிட்டால் பல இடங்களில் நிலைமை மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

இன்ஜினியர் ஆவாரா என்ற கேள்விக்கு நேரான பதில் தர வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில் பல குடும்பங்கள் தவறான நம்பிக்கையோடு காத்திருந்து பிறகு மனம் உடைகின்றன. இந்தப் பயிற்சியை முடிப்பதால் மட்டும் அவர் இன்ஜினியர் ஆகமாட்டார். மலேசியாவில் பொறியியலாளர் என்ற தகுதி 1967ஆம் ஆண்டின் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டம் வேண்டும், பொறியியலாளர் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்கு மேல் நிபுணத்துவப் பொறியியலாளராக உயரக் குறைந்தது மூன்று ஆண்டு நடைமுறை அனுபவமும் மதிப்பீடும் வேண்டும். உங்கள் மகள் ஏறிக்கொண்டிருப்பது வேறோர் ஏணி. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் முதல் மூன்று நிலைகளைக் கொண்டது. நான்காம் நிலை திறன் டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர்நிலைத் திறன் டிப்ளோமா. அதற்கு அப்பால் மலாக்கா, பத்து பகாட், பெர்லிஸ், பகாங் ஆகிய இடங்களில் உள்ள நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்பப் பட்டப்படிப்புக்கு வழி இருக்கிறது. அந்த வழியில் போவோருக்கென 2015ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தொழில்நுட்பவியலாளர் வாரியம் தனியே இருக்கிறது. ஆகவே டெக்னீஷியனாகத் தொடங்கித் தொழில்நுட்பவியலாளராக உயர்வதுதான் அவருக்கு முன்னால் இருக்கும் நேர்ப்பாதை. அது தாழ்ந்த பாதையன்று. தொழிற்சாலைகளில் தாளில் வரையத் தெரிந்தவர்களைவிட, வரைந்ததைச் செய்து காட்டத் தெரிந்தவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினமாக இருக்கிறது.

இந்த இடத்தில் உங்கள் கணவரைப் பற்றியும் ஒரு சொல். நம் தோட்டங்களிலும் ஆலைகளிலும் சத்தத்தை வைத்தே பம்பின் கோளாற்றைச் சொல்லும் பிட்டர்கள் ஒரு தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். கையில் ஒரு சான்றிதழும் இல்லாததால், நேற்று வந்த டிப்ளோமாக்காரருக்குக் கீழே அவர்கள் வேலை செய்து ஓய்வு பெற்றதைக் கண்டு நான் பெரிதும் வருந்தியிருக்கிறேன். எஸ்.கே.எம். பெற வகுப்பில் உட்காருவது ஒன்றே வழியன்று. முந்தைய அனுபவத்தை அங்கீகரிக்கும் பி.பி.டி. என்ற முறையில், செய்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்து மதிப்பீட்டில் தேறினால், அதே சான்றிதழ் கிடைக்கும். மகளின் பயிற்சி நிலையத்துக்குப் போகும் நாளில் இதையும் விசாரித்துவிட்டு வாருங்கள். தகப்பனும் மகளும் ஒரே தொழிலில் சான்றிதழ் வாங்கும் வாய்ப்பு எல்லா வீட்டுக்கும் அமைவதில்லை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இன்றைய கணக்கில் உங்கள் அண்ணன் மகள் முன்னால் நிற்கிறார். அது உண்மை, அவருடைய உழைப்பும் மதிக்கத்தக்கது. ஆனால் அந்த வருமானத்தில் பெரும்பகுதி ஓவர்டைம் மணிநேரத்தைச் சார்ந்தது. ஆர்டர் குறைந்தால் அது முதலில் குறையும். உங்கள் வீட்டுச் செலவுக்கு மகளின் பணம் உடனடியாகத் தேவை என்றால் அதை மகளிடம் மறைக்காமல் பேசுங்கள், பயிற்சி முடியும்வரை எப்படிச் சமாளிப்பது என்று மூவரும் கூடி முடிவெடுங்கள். தேவை அவ்வளவு அவசரமில்லை என்றால், உறவினர் வீட்டுச் சம்பளத்தை அவர் முன்னால் ஒப்பிட்டுப் பேசுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். நாள் முழுவதும் தேய்த்துவிட்டு வருபவருக்கு அந்தப் பேச்சு தோள் வலியைவிட வலிக்கும்.

பெண் பிள்ளைக்கு ஏற்றதா என்று கேட்டீர்கள். விரலின் நுண்மையும் கவனமும் தேவைப்படும் ஒரு தொழிலை ஆணுக்கு மட்டும் உரியது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கவலைப்பட வேண்டியது வேறு விஷயங்களைப் பற்றி. சுழலும் இயந்திரத்தின் அருகே கூந்தல் முழுதும் கட்டித் தொப்பிக்குள் இருக்க வேண்டும். கழுத்துச் சங்கிலி, மோதிரம், வளையல் எதுவும் கூடாது. லேத்தில் வேலை செய்யும்போது கையுறை போடவே கூடாது, ஏனென்றால் துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழற்றும் ‘சக்’ என்ற பகுதியை இறுக்கும் சாவியை அதிலேயே விட்டுவிட்டு இயந்திரத்தை ஓட்டினால், அது தெறித்து ஆளைக் கொல்லும். சீவல்களைக் கையால் அள்ளாமல் தூரிகையால்தான் தள்ள வேண்டும். இவற்றைத் தொழிற்சாலை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்; சொல்லிக் கொடுத்தார்களா என்று மகளைக் கேளுங்கள். வெட்டும் இடத்தைக் குளிர்விக்க ஊற்றும் கூலண்ட் பட்ட கையை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காராமல், சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். தோலில் அரிப்போ தடிப்போ வந்தால் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளும் உரிமையை அத்திருத்தம் தொழிலாளருக்கு அளிக்கிறது. பாதுகாப்பு மூடி கழற்றிய இயந்திரத்தில் வேலை செய்யச் சொன்னால் மறுக்கலாம் என்பது மகளுக்குத் தெரிந்திருக்கட்டும். அதே போல, பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பை எல்லோர் கண்ணிலும் படும்படி வேலையிடத்தில் ஒட்டி வைப்பது வேலைச் சட்டத்தின்படி முதலாளியின் கடமை. அந்த அறிவிப்பு எங்கே ஒட்டியிருக்கிறது, ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வது என்று மகளிடம் சாதாரணமாகப் பேச்சுவாக்கில் கேளுங்கள். பட்டறையில் அவர் ஒரே பெண்ணாக இருந்தால், சொல்ல வேண்டியதை வீட்டில் சொல்லலாம் என்ற துணிவு அவருக்கு உங்களிடமிருந்துதான் கிடைக்க வேண்டும். சொன்னால் உடனே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் எதையும் சொல்லமாட்டார்.

ஆறாம் படிவத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அவரே ஒருநாள் விரும்பினால் அது வேறு பேச்சு. அப்படி முடிவெடுக்கும் முன் அவர் கையெழுத்திட்ட பயிற்சி ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். 2023 ஜனவரி முதல், வேலைச் சட்டத்தின் கீழ் தொழிற்பயிற்சி ஒப்பந்தம் குறைந்தது 6 மாதத்துக்கும் அதிகபட்சம் 24 மாதத்துக்கும் இருக்கலாம் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. முடியும் தேதி, மாத உதவித்தொகை, முடிவில் எந்த நிலைச் சான்றிதழ், நடுவில் விலகினால் ஏதாவது திருப்பிக் கட்ட வேண்டுமா ஆகிய நான்கும் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் நகல் உங்கள் வீட்டில் இல்லையென்றால் இந்த வாரமே தொழிற்சாலை அலுவலகத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் பயிற்சி நிலையத்திடமும், அங்கும் பயனில்லை என்றால் திறன் மேம்பாட்டுத் துறையிடமும் எழுத்து மூலம் கேளுங்கள்.